சிற்றாற்றில் கெண்டை பிடிக்க எது நல்லது: மூங்கில் தூண்டிலா, ரீல் கம்பா, கைநரம்பா?

ஜூன் மாதம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திறந்துவிட்டால் போதும், கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "கெண்டை பிடிக்கப் போகிறேன், எந்தத் தூண்டில் வாங்கலாம்?" மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து இதைக் கேட்பவர்கள் பலரும் இங்கிலாந்து ஆற்று வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே கனமான ஈயத்தைக் கட்டி, நடு ஆற்றில் எறிந்து, கம்பைத் தாங்கியில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். திடீரென்று கம்பு வளையும். கைக்கு வருவது பார்பெல் என்ற மீசைக்கார மீன். நான்கு, ஐந்து கிலோ எடையுள்ளதுகூட அங்கே கிடைக்கும்.

நம் கெண்டையும் அதே குடும்பத்து மீன்தான். சிஸ்டோமஸ் சரானா என்று அறிவியலில் சொல்லப்படும் பெரிய கெண்டைக்கும் பார்பெல்லைப் போலவே நான்கு மீசை உண்டு. அதுவும் அடிமட்டத்தை மோந்துகொண்டே மேயும். ஆனால் நம்மிடம் அரைக் கிலோ கெண்டையே பெரிய மீன். தூண்டிலில் அதிகம் வருவது விரல் நீளத்திலிருந்து சாண் நீளம் வரை உள்ள மீன்கள்தான். நம் ஆறுகளும் ஆண்டு முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை. ஷட்டர் திறந்தால் ஆறு, மூடினால் அங்கங்கே மடு. அதனால் அந்த வீடியோவில் இருக்கும் சாமான்களை அப்படியே வாங்குவது பெரும்பாலானவர்களுக்கு வீண் செலவு. யாருக்கு வீண், யாருக்கு இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் வேகம். மீனின் அளவும் கையில் உள்ள பணமும் அதற்கு அப்புறம்தான். கரையில் நின்று ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் சாதாரணமாக நடக்கும் வேகத்திலோ அதைவிட மெதுவாகவோ இலை போனால் அது தக்கைக்கு ஏற்ற தண்ணீர். இலையைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தால், தக்கை இரையைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடும். கெண்டை தரையில் மேய்கிற மீன். இரை அதன் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் பறந்துபோனால் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

இரண்டாவது, அடிமட்டம். சோழவந்தான் பக்கம் மணல். கம்பம், கூடலூர் பக்கம் உருண்டைக்கல். மஞ்சளாற்றில் பல இடங்களில் கரையோர வேர். மணலில் எந்தத் தூண்டிலும் ஓடும். கல்லிலும் வேரிலும் ஈயம் சிக்கும், நரம்பு (தூண்டிலின் நைலான் இழை) அறும். சீமைக்கருவேல முள் விழுந்து கிடக்கும் இடமென்றால் எல்லாமே சிக்கும்.

மூன்றாவது, மீன் நிற்கும் இடத்துக்கும் உங்களுக்கும் உள்ள தூரம். சிற்றாறுகளில் இது பலரும் நினைப்பதைவிடக் குறைவு. கெண்டை நடு ஓட்டத்தில் நின்று சக்தியை வீணாக்குவதில்லை. ஓட்டமும் ஒதுங்கிய தண்ணீரும் சந்திக்கிற விளிம்பிலும், நாணல் ஓரத்திலும், பாலத்தூணின் பின்பக்கத்திலும்தான் நிற்கும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து அடிக்குள்.

அப்புறம் செலவு. கடையில் கொடுக்கும் காசோடு அது முடிவதில்லை. அறுந்துபோகும் தூண்டில் முள், ஈயம், கெட்டுப்போகும் சாமான், அதைத் தூக்கிக்கொண்டு போகும் சிரமம் எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விட நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: எந்த முறையில் முள் உதட்டோடு நிற்கும், எதில் தொண்டைக்குள் போகும் என்பது.

| | மூங்கில், தக்கை | ரீல், ஈயம் | கைநரம்பு |
|---|---|---|---|
| ஏற்ற தண்ணீர் | மெதுவான ஓட்டம், மடு | வேக ஓட்டம், அகலமான ஆறு | வாய்க்கால், மதகடி |
| எட்டும் தூரம் | கம்பும் கையும் எட்டும் வரை | கரை விட்டுக் கரை | சில பாகம் |
| வாங்கும் செலவு | சில நூறு ரூபாய் | ஆயிரத்தைத் தாண்டும் | நூறு ரூபாய் போதும் |
| பிறகு வரும் செலவு | கம்பு வெடிப்பது, பயணம் | ஈயம், நரம்பு, ரீல் பராமரிப்பு | ஏறக்குறைய இல்லை |
| பழகும் காலம் | ஒரு காலைப் பொழுது | சில வாரம் | எறியப் பழகினால் போதும் |

## மூங்கில் தூண்டிலும் தக்கையும்

என் வாக்கு இதற்குத்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

பன்னிரண்டிலிருந்து பதினைந்து அடி நீளமுள்ள கம்பை நீட்டிப் பிடித்தால், நுனிக்கும் தக்கைக்கும் இடையில் உள்ள நரம்பு தண்ணீரில் படாது. அதனால் ஓட்டம் நரம்பை இழுத்துக்கொண்டு போகாது. இரை இயல்பாக உருண்டு வரும். தக்கையை லேசாகப் பிடித்து நிறுத்தலாம். நிறுத்தும்போது இரை தரையிலிருந்து ஒரு விரல் மேலெழும்பி மறுபடி இறங்கும். கெண்டை கொத்துவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். எவ்வளவு விலையுள்ள ரீலாக இருந்தாலும் பத்தடி தூரத்தில் இந்த நுணுக்கத்தைச் செய்ய முடியாது.

கட்டும் முறை எளிது. கம்பின் நீளத்தைவிட ஓரடி குறைவாக நரம்பு. பொடிக்கெண்டைக்கு 0.18 மில்லிமீட்டர், பெரிய கெண்டைக்கு 0.22 அல்லது 0.25. கடையில் தங்கூசி என்று கேட்டாலும் தருவார்கள், ஆனால் தடிமனைப் பார்த்து வாங்குங்கள். தடித்த நரம்பு தெளிந்த தண்ணீரில் மீனுக்குத் தெரியும். முள் எண் கூடக்கூட அளவு சிறிதாகும். பொடிக்கு 14, பெரியதற்கு 8 அல்லது 10. முள்ளுக்கு ஒரு சாண் மேலே மிளகளவு ஈயம் ஒன்று. தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பை வெட்டிய துண்டே போதும். ஆனால் சுண்டுவிரல் நகத்தளவுக்கு மேல் வேண்டாம். தக்கை பெரிதானால் மீன் கனத்தை உணர்ந்து இரையைத் துப்பிவிடும்.

ஆழம் பார்ப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முள்ளில் கொஞ்சம் கூடுதல் ஈயத்தை மாட்டி இறக்குங்கள். தக்கை முங்கினால் ஆழம் அதிகம், படுத்தால் குறைவு. நேராக நிற்கும் அளவைப் பிடித்து, அதற்குமேல் நான்கு விரல் ஏற்றிக் கட்டினால் இரை தரையைத் தடவிக்கொண்டு போகும். இடம் மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். மணல் அள்ளிய குழிகள் இருப்பதால் வைகையில் மூன்றடி தள்ளினால் ஆழமே வேறாக இருக்கும்.

கெண்டை முதலில் தட்டிப் பார்க்கும், தக்கை துடிக்கும். அப்போது சுண்டாதீர்கள். தக்கை பக்கவாட்டில் நகர்ந்து சரியும்போது மணிக்கட்டால் சின்னதாக ஒரு சுண்டு, அவ்வளவுதான். இப்படிப் பிடித்தால் முள் உதட்டில்தான் மாட்டும்.

இனி இதன் குறைகள். பதினைந்தடிக் கம்போடு டவுன் பஸ்ஸில் ஏற முடியாது. பைக்கில் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு போகலாம் என்றாலும் சந்தைக் கூட்டத்தில் அது ஆபத்து. மூங்கில் வெயிலில் வெடிக்கும், வண்டு துளைக்கும்; வருடத்துக்கு இரண்டு முறை எண்ணெய் தடவி நிழலில் கட்டித் தொங்கவிட வேண்டும். இதெல்லாம் முடியாதவர்களுக்கு ஒன்றுக்குள் ஒன்று செருகும் கண்ணாடியிழைக் கம்பு கிடைக்கிறது. ரீல் இல்லாத அந்தக் கம்பு மூங்கிலைவிட விலை கூடுதல், ஆனால் பைக்குள் போகும். செருகும் இடங்களில் மணல் புகுந்தால் பிரிக்க முடியாமல் இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டே மடக்குங்கள்.

இன்னொரு குறை, பெரிய மீன். ஒரு கிலோ ரோகு மாட்டினால் விட்டுக்கொடுக்க நரம்பு இல்லை. கம்பை வளையவிட்டுப் பொறுமையாகத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் அறுந்துபோகும். கெண்டைக்கு மட்டும் என்றால் இது எப்போதாவது வரும் பிரச்சினை.

## ரீல் கம்பும் ஈயமும்

ரீல் தேவைப்படும் இடங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. முல்லைப் பெரியாற்றில் பாசனத் தண்ணீர் முழு வேகத்தில் வரும்போது உத்தமபாளையம், வீரபாண்டி பக்கம் தக்கை நிற்காது. வைகையின் குறுக்கே உள்ள பேரணை என்ற தடுப்பணைக்குக் கீழேயும், தண்ணீர் அகலமாக ஓடும் சோழவந்தான், தென்கரைப் பகுதியிலும் மீன் நிற்கும் விளிம்பு மறுகரைப் பக்கம் போய்விடும். அங்கே எறிந்துதான் ஆக வேண்டும்.

எட்டு ஒன்பது அடிக் கம்பு, 2000 அல்லது 2500 அளவு ரீல், 0.25 நரம்பு போதும். ஈயத்தை நரம்பில் கட்டாதீர்கள். துளையுள்ள ஈயத்தைக் கோத்து ஓடவிடுங்கள். முள்ளிலிருந்து ஒரு முழம் மேலே ஒரு சிறு மணியும் முடிச்சும் தடுப்பாக இருக்கட்டும். மீன் இழுக்கும்போது நரம்பு ஈயத்தின் வழியாக ஓடும், மீனுக்கு எடை தெரியாது. எவ்வளவு ஈயம்? தரையில் நிற்பதற்கும் நகர்வதற்கும் நடுவில் இருக்கும் அளவு. 15 கிராமில் தொடங்கி, ஓட்டம் இழுத்தால் கூட்டுங்கள். வீடியோவில் பார்த்த 80, 100 கிராம் எல்லாம் நம் சிற்றாற்றில் கல்லை எறிந்த சத்தத்தோடு விழுந்து மீனை விரட்டும்.

இதில் மறைந்திருக்கும் செலவுதான் பெரிது. கல் நிறைந்த சுருளியாற்றில் ஒரு காலைப் பொழுதில் நான்கைந்து ஈயமும் முள்ளும் போவது சாதாரணம். அறுந்த நரம்பு ஆற்றிலேயே கிடந்து கொக்கு, நீர்க்காகத்தின் காலைச் சுற்றும் என்பதையும் மறந்துவிட முடியாது. வைகை மணல் ரீலின் எதிரி. ஈரக் கம்பை மணலில் படுக்க வைத்தால் பல்சக்கரத்துக்குள் துகள் போய் அரைக்க ஆரம்பிக்கும். விலை குறைந்த ரீல்கள் இதனாலேயே ஒரு பருவத்தில் கெட்டுப்போகின்றன. கவட்டைக் குச்சி ஒன்றை வெட்டி ஊன்றி, ரீல் மண்ணில் படாமல் வைத்தால் ஆயுள் கூடும்.

கம்பை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கவனிக்காமல் விட்டால் கெண்டை இரையை முழுங்கிவிடும், முள் தொண்டைக்குள் போய்விடும். அந்த மீனைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம். கம்பு கையில் இருக்கட்டும், நரம்பு விரலில் படட்டும்.

கெண்டையோடு ரோகு, கட்லா, கெளுத்தி எல்லாம் பிடிக்க வேண்டும், வருடம் முழுக்க வேறு வேறு இடங்களுக்குப் போக வேண்டும் என்பவர் ரீலே வாங்கலாம். அவருக்கு அந்தப் பணம் வீணாகாது.

## கைநரம்பு

காலித் தண்ணீர் பாட்டிலில் முப்பது மீட்டர் நரம்பைச் சுற்றி, நுனியில் ஈயமும் முள்ளும். கம்பே இல்லை. பாட்டிலின் வாயை முன்னால் நீட்டிப் பிடித்து, ஈயத்தைச் சுழற்றி விட்டால் நரம்பு தானாக உருவிக்கொண்டு போகும். மதுரைப் பக்கத்து வாய்க்கால் கரைகளில் பார்க்கிற முறை இதுதான். அதை ஏழை முறை என்று ஒதுக்கிவிடக் கூடாது. விரலில் நேராக நரம்பு இருப்பதால், மீன் இரையைத் தொடுவதுகூடத் தெரியும்.

பெரியாறு பிரதானக் கால்வாய்க்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. பேரணையில் தொடங்கும் இந்தக் கால்வாயில் கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பாசனத்துக்கும், பிறகு மேலூர்ப் பகுதி ஒருபோகத்துக்கும் தண்ணீர் விடுவார்கள். முறை வைத்து விடும் நாட்களில், அடைத்த பிறகு மதகடிகளிலும் பாலத்தடியிலும் தேங்கும் தண்ணீரில் கெண்டை சேர்ந்து நிற்கும். கரை உயரம், மேலே மரக்கிளை. நீளக் கம்பை அங்கே ஆட்ட இடமிருக்காது. தண்ணீர் முழுதாக ஓடும் நாளில் மட்டும் கால்வாய்க்குள் இறங்காதீர்கள். சரிந்த கரையில் பாசி பிடித்திருந்தால் ஏறி வர முடியாது.

குறை என்றால் விரல்தான். கொஞ்சம் பெரிய மீன் ஓடினால் நரம்பு சதையை அறுக்கும். ஆள்காட்டி விரலில் துணி நாடா சுற்றிக்கொள்ளுங்கள். இரவில் போனால் கெளுத்திதான் அதிகம் வரும், அதன் முள் குத்தினால் நீண்ட நேரம் கடுக்கும். காலடியில் குவியும் நரம்பு முள்செடியில் சிக்கினால் அந்தக் காலைப் பொழுது பிரிப்பதிலேயே போய்விடும்.

வீச்சு வலையையும் சிலர் கேட்கிறார்கள். குழம்புக்கு மீன் வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் வலை வேகமானது, உண்மைதான். ஆனால் வலை குஞ்சையும் சினையையும் பிரித்துப் பார்க்காது. புதுவெள்ளத்தில் கெண்டை முட்டையிட எதிரேறும் நேரத்தில் தடுப்பணைக்குக் கீழே வலை வீசுவது அடுத்த வருட மீனை இன்றைக்கே எடுப்பது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தோட்டா போடுவதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம்.

## எந்த ஆற்றுக்கு எது

மஞ்சளாறு, வராக நதி, மருதாநதி போன்ற சிற்றாறுகளுக்கு மூங்கில்தான். யோசிக்கவே வேண்டாம். பல இடங்களில் மறுகரையைக் கம்பாலேயே தொட்டுவிடலாம்.

கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை முல்லைப் பெரியாறும் சுருளியாறும்: பாசனத் தண்ணீர் ஓடும் மாதங்களில் ரீல், குறைந்த ஓட்டத்தில் மூங்கில். மேலே காட்டுக்குள் போக நினைக்காதீர்கள். மேகமலை, வருசநாட்டு மலைகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அங்கே தூண்டிலோடு நுழைவதே தவறு.

வைகை, பேரணை முதல் தேனூர் வரை: மூங்கில், ரீல் இரண்டும் வேலை செய்யும். தண்ணீர் வடிந்து மடுக்களாக நிற்கும்போது மூங்கிலுக்கு இணை இல்லை. மார்கழி, தை மாதக் காலை வெயில் ஏறிய பிறகு கெண்டை நன்றாகக் கொத்தும்.

மதுரை நகருக்குள் வைகையில் கழிவுநீர் சேர்கிறது. அங்கே பிடிக்கும் மீனைச் சாப்பிட வேண்டாம். சித்திரைத் திருவிழாவுக்குத் தண்ணீர் விட்ட சில நாட்களிலும்கூட இதே பேச்சுதான்.

கண்மாய்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பல கண்மாய்களில் மீன்பாசி உரிமை ஏலம் போயிருக்கும். குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் தூண்டில் போட வேண்டும். கண்மாயில் ஜிலேபிக் கெண்டைதான் முந்திக்கொண்டு வரும். பெயரில்தான் கெண்டை, 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது.

இரை மூன்று தூண்டிலுக்கும் ஒன்றுதான். கலங்கிய தண்ணீரில் மண்புழு, தெளிந்த தண்ணீரில் கோதுமை மாவோடு கடலைப் பிண்ணாக்குப் பொடி சேர்த்துப் பிசைந்த உருண்டை. ஓடும் தண்ணீரில் கரையாமலிருக்க மாவை லேசாக அவித்துக்கொள்ளுங்கள். பட்டாணி அளவு போதும். அதே பிண்ணாக்கில் ஒரு கைப்பிடியை மேல்பக்கம் தூவி, கால் மணி நேரம் காத்திருந்து தூண்டிலை இறக்கினால் மீன் கூடியிருக்கும்.

எதைக் கொண்டு போனாலும் அன்றைய வைகை அணை மட்டத்தைச் செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முதல் எச்சரிக்கை வந்துவிட்டாலே ஆற்றுக்குள் இறங்கி நிற்கும் யோசனையை விட்டுவிட வேண்டும். நடுத்திட்டில் நிற்பவருக்குத் தண்ணீர் ஏறுவது தெரிவதற்குள் கரைக்கும் அவருக்கும் இடையில் ஓட்டம் வந்துவிடும்.

கடைசியாக, அடிக்கடி வரும் ஒரு கேள்வி: பத்து வயதுப் பையனுக்கோ பெண்பிள்ளைக்கோ எதை வாங்கிக் கொடுப்பது? எட்டடி மூங்கில், 0.18 நரம்பு, 14-ஆம் எண் முள். முள்ளின் உள்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், கையில் ஏறினாலும் சுலபமாக வரும், மீனும் காயமில்லாமல் கழலும். முதல் நாள் மடுவுக்குக் கூட்டிப் போங்கள், ஓடும் தண்ணீர் வேண்டாம். பொடிக்கெண்டை நிமிடத்துக்கு ஒருமுறை தக்கையை ஆட்டும், பிள்ளைக்கு அலுக்காது. ரீல் கேட்டு அடம்பிடித்தால் அடுத்த பருவம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அதற்குள் தக்கை சரிவதைப் பார்த்துச் சுண்டப் பழகியிருக்கும்.